நொறுங்கியது எங்கே விழும்?

செல்போன் சர்வீஸ் கடைக்காரர்களை உலகம் நம்புவதில்லை. நாங்கள் வாயைத் திறந்தால் "நாளைக்கு வாங்க" என்பதைத் தவிர வேறொன்றும் வராது என்பதுதான் காரணம். டிஸ்ப்ளே சென்னையிலிருந்து வரவில்லை, நாளைக்கு வாங்க. தண்ணீரில் விழுந்த போர்டு இன்னும் காயவில்லை, நாளைக்கு வாங்க. எல்லாம் முடிந்துவிட்டது, கவர் ஒட்டிய பசை பிடிக்க வேண்டும், நாளைக்கு வாங்க. செஞ்சி பஜாரில் என் கடை இருக்கும் சந்துக்கு "நாளைக்குச் சந்து" என்று போர்டு மாட்டிவிடலாம் என்று எதிர்த்த பாத்திரக்கடை முதலாளி சொல்வார்.

கடையை ஆரம்பித்தது என் வீட்டுக்காரர். ஏசி மெக்கானிக் வேலை கிடைத்து வளைகுடாவுக்குப் போனபோது, கடையை மூட மனசில்லாமல் எனக்குச் சால்டரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். லீவில் வந்து பார்த்தபோது அவரைவிட நான் சுத்தமாகப் பிடித்தேன். அதனால் அவர் மறுபடி விமானம் ஏறினார், நான் மறுபடி ஸ்டூல் ஏறினேன். வண்டி இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சண்டை வந்தது.

அவர் இருக்கும் ஊர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. சண்டை போட்டவர்கள் வேறு ஆட்கள். ஆனால் ஒரு வல்லரசின் படைத்தளம் அந்த ஊர்ப்பக்கம் இருந்தது. அதைக் குறிவைத்து வேறொருவர் ஏவுகணை விட்டார். அதை நடுவானத்தில் மறித்து அடிக்க இன்னொரு ஏவுகணை கிளம்பியது. இரண்டுக்கும் கீழே, தகரக் கூரை போட்ட கம்பெனி கேம்ப்பில், என் வீட்டுக்காரர் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். எனக்குத் தெரிந்த உலக அரசியல் இவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் ஒருவர் கடல் தாண்டி இருந்து, அந்த வாரங்களில் நீங்களும் டி.வி.யையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்துத் தட்டில் சோற்றை ஆறவிட்டவர் என்றால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் ஒரே ஜாதி.

பாத்திரக்கடைக்காரரின் கேள்வி

எதிர்த்த பாத்திரக்கடை முதலாளிக்குத் தன் கடையில் வேண்டிய அளவு பிளக் உண்டு. ஆனாலும் போனை என் கடையில் கொண்டுவந்துதான் சார்ஜ் போடுவார். போனுக்குக் கரண்ட் ஏறும் நேரத்தில் அவருக்குப் பேச ஆள் வேண்டும். சண்டை ஆரம்பித்த புதிதில் ஒருநாள் காலை அப்படித்தான் வந்து உட்கார்ந்தார். சுவரில் மாட்டியிருக்கும் சின்ன டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வந்த ஏவுகணைகள் அத்தனையும் வானத்திலேயே தகர்க்கப்பட்டன, கீழே யாருக்கும் ஒன்றுமில்லை என்று வாசித்தார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, அவருக்கும் சேர்த்து டீ சொன்னேன்.

டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது. அவர் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டு வானத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி போய் இன்னொரு புள்ளியில் மோதிப் பொறிப்பொறியாகச் சிதறியது. அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். எனக்கு அது அழகாகக்கூட இருந்தது. அவர் மோவாயைத் தடவிக்கொண்டு கேட்டார்: "எங்க கடையில பரண் மேல இருந்து அண்டா சரிஞ்சா, கடை ஆளு ஓடிப்போய்க் கம்பால தடுப்பான். அண்டா நின்னுடும். அண்டாக்குள்ள வெச்ச சாமான் எல்லாம் அவன் தலைமேல வரும். இவன் வானத்துலயே நொறுக்கிட்டான், சரி. நொறுங்கினது அங்கயேவா நிக்கும்? அது எங்கம்மா விழும்?"

டெம்பர் கிளாஸ்

அன்றைக்கு என் வீட்டுக்காரர் வேலை முடிந்து பேசியபோது எடுத்த எடுப்பில் இதைத்தான் கேட்டேன். சிரித்தார். இந்த ஊரில் காலி மணல் நிறைய இருக்கிறது, அதில் விழும் என்றார். ஏசி மெக்கானிக்குக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றேன். ஃபோர்மேன் சொன்னார் என்றார். ஃபோர்மேனுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவரும் யோசிக்க ஆரம்பித்துவிடுவார், இருவரில் ஒருவராவது தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் தளவானூரிலிருந்து பஸ்ஸில் காலேஜுக்கு வரும் பெண் ஒருத்தி புதுப் போனின் திரைக்குக் காப்பாக டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்தாள். என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பயப்படாதீங்கக்கா, இது மாதிரிதான் அதுவும்" என்று நான் ஒட்டிக்கொண்டிருந்த கிளாஸையே காட்டினாள். அடி டெம்பருக்கு, டிஸ்ப்ளேவுக்கு ஒன்றும் ஆகாது. அட, இது நமக்குத் தெரிந்த தொழிலாயிற்றே என்று எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அப்படியானால் அந்த டெம்பர் என்ன விலை இருக்கும் என்று கேட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். வருவது சில சமயம் மலிவான சாமான்தான், அதை மறிக்க விடுவதுதான் பல மடங்கு விலை என்றாள். நான் இத்தனை வருஷத்தில் மலிவுப் போனுக்கு அதைவிட விலை கூடிய டெம்பர் ஒட்டிக்கொண்ட ஒருவரையும் பார்த்ததில்லை.

"சரி, ஒட்டினது தீர்ந்துட்டா?" என்றேன். புது ஸ்டாக் வர வேண்டும் என்றாள். எங்கிருந்து என்றேன். அமெரிக்காவிலிருந்து என்றாள். ஸ்டாக் என்ற வார்த்தையின் அர்த்தம் எனக்குத் தெரியும். சென்னையில் மொத்தக் கடைக்காரன் என்னிடம் தினமும் சொல்வது, நான் செஞ்சிக்கே தினமும் சொல்வது. என் வீட்டுக்காரர் தலைக்கு மேலே டெம்பர் தீர்ந்து, அந்த ஊர்க்காரர்கள் போன் போட்டு, எதிர்முனையில் ஒருவன் "நாளைக்கு வாங்க" என்று சொல்வதை நினைத்துப் பார்த்தேன். கிளாஸ் கோணலாக ஒட்டிக்கொண்டது. அதை உரித்து வேறொன்று போட்டேன். அவள் காத்திருந்து வாங்கிக்கொண்டு போகும்போது ஆறுதல் சொன்னாள்: "டெம்பர் உடைஞ்சா டிஸ்ப்ளே தப்பிச்சுதுன்னு நீங்கதானக்கா எல்லார்கிட்டயும் சொல்றீங்க? அங்கயும் அப்படித்தான். உடைஞ்ச துண்டு யார் கையிலயும் குத்தாம இருந்தா சரி."

சைரன்

என் வீட்டுக்காரர் இருக்கும் ஊரில் ஏவுகணை கிளம்பிவிட்டால் எல்லார் போனும் ஒரே நேரத்தில் கத்தும். சைலண்டில் போட்டிருந்தாலும் கத்தும். ஒருநாள் என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கத்தியது. அவருடையது முதலில், பிறகு அறையில் இருந்த எல்லாருடையதும். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். அந்த அப்புறம் வருவதற்குள் நான் ஒரு போனை முழுசாகப் பிரித்து, எந்தக் கோளாறும் இல்லாத அதை மறுபடி பூட்டி முடித்துவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் கூட்ரோடு ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் ஸ்பீக்கர் மாற்றிய போனை வாங்க வந்தார். டெஸ்ட் பண்ண அவர் எண்ணுக்கு அடித்தேன். அதே சத்தம். யாரோ செய்தியிலிருந்து வெட்டிப் போட்டதை ரிங்டோனாக வைத்திருக்கிறார். என்ன ஏது என்று தெரியாமல் அவர் நிற்க, வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. மற்ற டோன் எல்லாம் ஆட்டோ சத்தத்தில் காதில் விழுவதில்லை, இது ஒன்றுதான் விழுகிறது என்று மெதுவாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் அங்கே இருப்பதைப் பக்கத்தில் இருந்தவர் சொல்லவும், போனை வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு டோனை மாற்றினார். மாற்றிவிட்டுச் சொன்னார்: "நான் எடுத்துட்டேன்க்கா. பாவம், அங்க இருக்கறவங்க இதை எடுக்க முடியாதில்ல?"

என் பெஞ்சில் இரண்டு வல்லரசுகள்

கடைக்கு வெளியே ஒரு மர பெஞ்சு உண்டு. காத்திருப்பவர்களுக்காகப் போட்டது. காத்திருக்க ஒன்றும் இல்லாதவர்கள்தான் அதில் உட்காருவார்கள். ஒருவர் வக்கீல் குமாஸ்தா, இன்னொருவர் உரக்கடைக்காரர். குமாஸ்தா அமெரிக்கா கட்சி. அதனாலேயே உரக்கடைக்காரர் ரஷ்யாவும் சைனாவும் சேர்ந்த கட்சி. அமெரிக்காவின் தடுப்பைத் தாண்டி ஈகூட உள்ளே வராது என்பார் குமாஸ்தா. தடுப்பை எப்படித் தாண்டுவது என்று கண்டுபிடிக்கத்தான் எதிராளி சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறான் என்பார் உரக்கடைக்காரர். இவன் தடுப்பைப் பெரிதாக்கினால் அவன் ஏவுகணையைப் பெரிதாக்குவான், அவன் பெரிதாக்கினான் என்று இவன் இன்னும் பெரிதாக்குவான். இதில் யாருக்கு எப்போது போதும் என்று தோன்றும் என்று நான் உள்ளேயிருந்து கேட்டேன். இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இரண்டு பேர் கையிலும் இருந்தது சைனா போன்.

குமாஸ்தா விடவில்லை. இந்த மாதிரி ஒரு பாதுகாப்பு பூமியில் இதுவரை யாரும் கட்டினதில்லை என்று பெஞ்சைத் தட்டினார். உரக்கடைக்காரர் கழுத்தைத் திருப்பி, கூரைகளுக்கு மேலே தெரியும் கோட்டை மலையைக் காட்டினார். "தோ, ராஜகிரி மேல கட்டனவனும் அப்படித்தான் சொன்னான். மதில் வெச்சான், அகழி வெட்டனான், உச்சியில பீரங்கியைத் தூக்கி வெச்சான். மராட்டியன் வந்தான், மொகலாயன் வந்தான், நவாபு, பிரெஞ்சுக்காரன், வெள்ளைக்காரன், எல்லாரும் வந்து ஒருத்தன்கிட்ட இருந்து ஒருத்தன் புடுங்கிட்டானுங்க. இப்ப டிக்கெட் போட்டு உள்ள வுடறான்."

எனக்கு ராஜாக்களைப் பற்றிக் கவலையில்லை. அப்போதும் கீழே ஒரு பஜார் இருந்திருக்கும். அதில் ஒருத்தி கடை வைத்திருந்திருப்பாள். மேலேயிருந்து குண்டு போகும்போது அவள் என்ன செய்திருப்பாள் என்று கேட்டேன். இருவரும் முதல்முறையாக ஒரே கட்சியாகி மலையைப் பார்த்தார்கள். பிறகு குமாஸ்தாதான் சொன்னார்: "இன்னா பண்ணியிருப்பா? நீ பண்ணறதைத்தான். கடையைத் தொறந்து வெச்சிக்கினு மேல பார்த்துக்கினு இருந்திருப்பா."

கன்னியம்மாவின் பட்டன் போன்

சிங்கவரத்திலிருந்து கன்னியம்மா வந்தது ஒரு சாயங்காலம். ஐம்பது வயசிருக்கும். கொஞ்சம் வேர்க்கடலை நிலம் (அவர் பேச்சில் மல்லாட்டை), கொஞ்சம் ஆடு. பட்டன் போன் "சிம் போடவும்" என்று காட்டுகிறது, ஆனால் சிம் உள்ளேதான் இருக்கிறது என்று மேஜையில் வைத்தார். இந்தக் கோளாறு வந்தால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கெட்டது சிம்மா, போனா என்று பார்க்க, வேலை செய்யும் வேறொரு சிம்மைப் போட்டுப் பார்ப்போம். அதற்கென்று கடையில் வைத்திருந்த சிம் ரீசார்ஜ் போடாமல் செத்துப்போயிருந்தது. அதனால் என் சொந்தப் போனில் இருந்த இரண்டு சிம்மில் ஒன்றைக் கழற்றினேன். கடை போர்டில் இருப்பதும், என் வீட்டுக்காரருக்குத் தெரிந்ததும் அந்த எண்தான். இன்னொன்று வெறும் நெட்டுக்கு. என்னுடையதைக் கன்னியம்மா போனில் போட்டு பேட்டரியை மாட்டினேன். சிக்னல் முழுசாக வந்தது. போன் நல்ல போன், கெட்டது அவருடைய சிம்தான், புதுசு வாங்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது டி.வி.யில் அந்த வரி ஓடியது. ஏவுகணை வானில் வெற்றிகரமாகத் தகர்ப்பு. அதன் சிதறல்கள் தொழிற்பேட்டைப் பகுதியில் விழுந்தன. ஊர்ப் பெயரும் போட்டார்கள். என் வீட்டுக்காரரின் கேம்ப் அந்தத் தொழிற்பேட்டைக்குள்தான் இருக்கிறது. பாத்திரக்கடைக்காரரின் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. நான் என் போனை எடுத்து வாட்ஸ்அப்பில் அவரை அழைத்தேன், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். கன்னியம்மா ஏதோ கேட்டார். அவர் போனின் மூடியை அழுத்திக் கையில் கொடுத்து, காசு வேண்டாம் போங்க என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் திரையைப் பார்த்துப் பூரித்துப்போய்ச் சொன்னார்: "கை வெச்சதும் ஆயிடுச்சே! கட்டம் கட்டமா எம்மாம் சிக்னல் காட்டுது பாரு!"

ஒரு டிக்

அன்று ராத்திரி என் வீட்டுக்காரருக்கு அனுப்பிய செய்திகள் எல்லாம் போய்ச் சேராமல் ஒரு டிக்கோடு நின்றன. மறுநாள் காலையும் ஒரு டிக். வெளிநாட்டுக்குப் பேசும் பேக் போட்டு நேராக அடித்துப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் மூன்று மொழியில் சொன்னாள். ஃபோர்மேன் எண் என்னிடம் இல்லை. கம்பெனி எண்ணில் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. டி.வி.யில் "பெரிய பாதிப்பு இல்லை" என்றார்கள். பெரிய பாதிப்பு என்றால் எத்தனை பேர், சின்ன பாதிப்பு என்றால் யார் என்று யாரிடம் கேட்பது? வீட்டில் மாமியார், "பையன் பேசினானா?" என்று கேட்டார். பேசினார் அத்தை, சாப்டாராம் என்று சொன்னேன். இன்னா சாப்டான் என்று கேட்டார். சப்பாத்தி என்றேன். பொய்க்குக் குருமாவும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டில் இருந்தால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார் என்று கடையைத் திறந்தேன். அன்றைக்கென்று வாடிக்கையாளர்கள் எல்லாரும் கோளாறாகப் பேசினார்கள். வேலை முடிந்த போனை இன்னும் வாங்கிப்போகவில்லையே என்று ஒருவரைக் கேட்டால், காலையில் போன் பண்ணினபோது நீங்கள்தானே நாளைக்கு வரச் சொன்னீர்கள், பஜாருக்கு வந்ததால் சும்மா எட்டிப் பார்த்தேன் என்கிறார். நான் அப்படிச் சொன்னதாக ஞாபகமே இல்லை. ஆனால் சொல்லியிருக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணவும் முடியவில்லை. அந்த வார்த்தை என் வாயிலிருந்து வராத நாள் எது? புத்தி பேதலிக்கிறது என்றே முடிவு செய்தேன். சாயங்காலம் வந்த உரக்கடைக்காரர் அரசியல் பேசவில்லை. என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா சுமதி, உடம்பு சரியில்லையா? மத்தியானம் போன் பண்ணா குரல் கரகரன்னு இருக்குது, நாளைக்கு வான்னுட்டு வெச்சிட்ட. பின்னாடி ஆடு வேற கத்துது."

மறுபடியும் கன்னியம்மா

அதற்கு மறுநாள் கடையைத் திறந்து விளக்கைக்கூடப் போடவில்லை. ஒரே டிக். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன். வெளியில் தெரியாமல் அழ வேறு இடம் இல்லை. அரையாக இறங்கிய ஷட்டருக்கு அடியில் மண் ஒட்டிய இரண்டு கால் வந்து நின்றது. குனிந்து உள்ளே வந்தது கன்னியம்மா. கையில் பட்டன் போன், முகத்தில் கோபம்.

"இன்னாம்மா போன் செஞ்சி குடுத்த நீ? ரிப்பேர் ஆனதுல இருந்து ஊர்ல இருக்கறவன் எல்லாம் எனக்கு அடிக்கறான். டிஸ்ப்ளே வந்துச்சாங்கறான், பேட்டரி ஆயிடுச்சாங்கறான். நான் கொல்லியில மல்லாட்டை பறிக்கறதா, இவனுங்களுக்குப் பதில் சொல்றதா? நீ எங்களுக்கு எப்பவும் சொல்றதையே நானும் சொன்னேன், நாளைக்கு வான்னு. ஒருத்தனும் மறுபேச்சு பேசல."

எனக்கு ஏதோ புரிகிற மாதிரி இருந்தது. என் போனை எடுத்து சிம் தட்டை வெளியே இழுத்தேன். ஒரு பக்கம் காலி. மேஜை மேல் திருகாணிகளுக்கு நடுவே இரண்டு நாளாக ஒரு சிம் கிடந்தது, யாருடையதோ என்று நான் ஒதுக்கி ஒதுக்கி வைத்தது. அது கன்னியம்மாவுடையது. என் சிம் சிங்கவரத்தில் வேர்க்கடலைக் கொல்லையில் இருந்திருக்கிறது. நெட்டுக்கான சிம் வேலை செய்ததால், வாட்ஸ்அப்பில் குரூப் செய்திகள் கொட்டிக்கொண்டே இருந்ததால், எனக்குத் தெரியவில்லை. ஊரார் போனில் எல்லாம் குறை கண்டுபிடிக்கும் நான், என் போனைப் பார்க்கவில்லை.

"வேற யாராவது பேசினாங்களா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான வந்தேன். அன்னிக்கு ராத்திரி ஒருத்தன், சுமதி சுமதிங்கறான். நான் கன்னியம்மான்னேன். நல்லாருக்கேன்னு சொல்லிடுங்கன்னான், கட் ஆயிடுச்சு. எந்த ஊர்ப் புள்ளயோ தவிக்குதேன்னு நெனச்சேன். யாருன்னு தெரியாம நான் எங்க போய்ச் சொல்றது? நேத்து பொழுது சாயறப்ப திரும்ப அடிச்சான். அப்பதான் செஞ்சியில செல்லு கடை, எம் பொண்டாட்டின்னான். உடனே முன்ன நீ குடுத்த கடை கவர் மேல இருக்கற நம்பருக்கு அடிச்சேன். பிஸி. திரும்ப அடிக்கறேன், பிஸி. இன்னாதான் அப்படிப் பேசுவியோ தெரியல! கடைசி பஸ்ஸும் போயிடுச்சு."

என் எண்ணிலிருந்து என் எண்ணுக்கே அடித்திருக்கிறார். நான் அழுதுகொண்டே சிரித்தேனா, சிரித்துக்கொண்டே அழுதேனா தெரியவில்லை. நல்லாருக்காரா, நல்லாருக்காரா என்று அதையே கேட்டேன். "நல்லாருக்கறான்மா. நேத்து மத்தியானமே சோறு தின்னுட்டானாம். மல்லாட்டை எம்மாம் வந்துதுன்னுகூடக் கேட்டான்" என்றார் கன்னியம்மா. சொல்லி முடிப்பதற்குள் அவர் கையிலேயே போன் அடித்தது. நான் கை நீட்டினேன். அவர் என்னிடம் தராமல் தானே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்: "வந்துட்டேன் தம்பி. கடையாண்டதான் நிக்கறேன். உம் பொண்டாட்டி அழுவுது, இரு, குடுக்கறேன்."

அவர் குரல்தான். உடைந்த துண்டு பக்கத்து ஷெட்டின் மேல் விழுந்ததாம். ஷெட் போய்விட்டது. உள்ளே ஆள் இல்லை, ஷிப்ட் மாறும் நேரம். சைரன் கேட்டு மாடிப்படியில் ஓடும்போது இவருடைய போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே போய்விட்டது. அறையில் இருக்கும் மலையாளியின் நெட் இல்லாத போனில் பேசுகிறார். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் என் எண்தானாம். "டெம்பர் ஒட்டித்தானே அனுப்பினேன்?" என்று கத்தினேன். இரண்டு நாள் செத்துப் பிழைத்தவள் முதலில் கேட்ட கேள்வி இது. "ஒட்டித்தான் இருந்துச்சு சுமதி. மொதல்ல டெம்பர் ஒடைஞ்சுது. அப்புறம் டிஸ்ப்ளேவும் ஒடைஞ்சுது" என்றார். அடுத்த சிதறல் எந்த ஷெட்டில் விழும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அதை விட்டவனுக்கும் மறித்தவனுக்கும் தெரியாது.

போதும், கிளம்பி வந்துவிடுங்கள், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். பாஸ்போர்ட் கம்பெனி ஆபீஸில் இருக்கிறது, போய்க் கேட்டேன், நாளைக்கு வா என்கிறார்கள் என்றார். "நாளைக்கா?" என்று நான் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். பட்டன் போனின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கன்னியம்மா என் தோளைத் தொட்டு, கவலையாகக் கேட்டார்: "நாளைக்குன்னா எந்த நாளைக்கு? நெஜ நாளைக்கா, உங்க கடை நாளைக்கா?"

எந்த வல்லரசு எதை எதனால் தடுக்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவருடைய ஆபீஸில் இன்னும் நாளைக்கு வா என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நான் மட்டும் திருந்தி, கடைக்கு வருகிறவர்களிடம் "நாளன்னைக்கு வாங்க" என்று உள்ளதைச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.